காரைக்கால் அம்மையார்: பேய் உருவத்தை ஏன் கேட்டு வாங்கினார்?

ஒரு பேய்க் கதையை கிராஃபிக் நாவலாக்க உட்காருபவருக்கு முதல் சிக்கல், பேயை எப்படி வரைவது என்பதுதான். தமிழ்ச் சிற்பிகள் இதைச் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது காரைக்கால் அம்மையாரின் கதை.

யார் இவர்?

இயற்பெயர் புனிதவதி. காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள். காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டார். சாப்பிட வந்த கணவன் இரண்டாவது பழத்தையும் கேட்க, வேண்டிக்கொண்டதும் கையில் ஒரு பழம் வந்தது. ருசி வேறாக இருக்கவே அவன் துருவிக் கேட்டான். உண்மையைச் சொன்னார். நம்பாமல் இன்னொன்று கேட்டான். அதுவும் வந்தது, அவன் வாங்கியதும் மறைந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

பயந்துபோனான். வியாபாரத்துக்கென்று கப்பல் ஏறியவன் திரும்பவே இல்லை. பாண்டிய நாட்டில் வேறு திருமணம் செய்து, மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் இவரை அங்கே அழைத்துப் போனபோது, மனைவி, மகளோடு காலில் விழுந்தான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று, சிவனிடம் பேய் உருவம் கேட்டு வாங்கினார். தலையால் நடந்து கயிலை ஏறினார். பிறகு திருவாலங்காட்டில், ஆடும் சிவனின் திருவடியில் தங்கினார் என்கிறது பெரியபுராணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மையாரின் சொந்தப் பாடல்களில் மாம்பழக் கதையே கிடையாது. அங்கே அவர் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். கணவன், கப்பல், மாம்பழம் எல்லாம் நமக்குக் கிடைப்பது, சுமார் 600 ஆண்டுகள் கழித்து வந்த சேக்கிழாரிடம்.

கல்லில் வந்த காமிக்ஸ்

சேக்கிழாருக்கு 100 ஆண்டுகள் முன்பே, கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் காலடியில் தாளம் தட்டும் பேய் உருவமாக அம்மையார் வந்துவிட்டார். எலும்பும் தோலுமான உடம்பு, வற்றிய மார்பு. சிற்பி எதையும் அழகுபடுத்தவில்லை. 12ஆம் நூற்றாண்டில் தாராசுரம் கோயில் அடுத்த படி போனது. நாயன்மார் கதைகள் அங்கே வரிசையாகச் சிறு சிறு கல் கட்டங்களில், பெயர்க்குறிப்போடு இருக்கின்றன. கிட்டத்தட்ட காமிக்ஸ் பக்கம் மாதிரி!

1973இல் ஏ.பி. நாகராஜன் இதையே சினிமாவாக்கினார். அம்மையாராகப் பாடி நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்.

ஊர் கொண்டாடுவது எதை?

ஆனி பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்கு நெடுங்காடு, திருநள்ளாறு எனச் சுற்றுவட்டாரமே காரைக்காலில் திரளும். பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். ஊர் பிடித்துக்கொண்டது புனிதவதியின் கதையை. சிற்பிகள் பிடித்துக்கொண்டது பேயை. இனி இக்கதையை வரைய வருபவர் இரண்டையும் ஒரே முகத்தில் காட்டியாக வேண்டும். பேயைக் கொஞ்சம் அழகாக்கிவிட்டால், அவர் கேட்டு வாங்கியதை நாம் பிடுங்கிக்கொண்டதாகிவிடும்.