கிட்டப்பாவின் முகப்புப் படம்

திண்டுக்கல் நகரை விட்டு எத்திசையில் சென்றாலும், பங்குனி சித்திரை மாதங்களில் ஏதேனும் ஓர் ஊரில் திருவிழாப் பந்தலும் நாடக மேடையும் கண்ணில் படும். பெரும்பாலும் அங்கே நடப்பது தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் யாத்த வள்ளி திருமணமாகவே இருக்கும். விடிய விடிய நடக்கும் அந்நாடகத்தில் ராஜபார்ட் நடிகர் உச்சத்தில் ஒரு பாட்டை எடுத்துவிட்டால் போதும், முன்வரிசையில் துண்டு விரித்து அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கிட்டப்பாவின் பெயரைச் சொல்வார்கள். அவர் மேடையேறக் கண்டவர்கள் அல்லர் அவர்கள். தந்தையும் பாட்டனும் சொல்லக் கேட்டவர்கள். கண்ணால் காணாதவர்களின் நாவிலும் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு நிற்கும் அந்தப் பெயருக்கு உரியவரின் வரலாற்றை, மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சுருக்கமாகக் கூற விழைகிறேன். அவர் பாட்டுகளைக் கணினியில் தொகுத்தபோது எனக்கு எழுந்த ஒரு கேள்வியும் அவ்வரலாற்றோடு சேர்ந்தே வரும்.

பிறப்பும் இளமையும்

செங்கோட்டை கங்காதர ஐயரின் மகனாக 1906 ஆகஸ்டு 25 அன்று பிறந்தார் எஸ்.ஜி. கிட்டப்பா. பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ல்தான் அது நம் மாநிலத்தோடு இணைந்தது. வறுமை மிகுந்த பெரிய குடும்பம். சோற்றுக்கு வழி தேடி உடன்பிறந்தவர்கள் நாடகக் கம்பெனியில் சேர, அவர்களின் விரலைப் பிடித்துக்கொண்டு கிட்டப்பாவும் மேடைக்கு வந்தார். பள்ளியில் அரிச்சுவடி படிக்க வேண்டிய ஐந்தாறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் நிழலில் பாட்டும் வசனமும் படித்தார்.

பின்னர் அந்நாளில் புகழ்பெற்று விளங்கிய கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். அக்கம்பெனியின் தசாவதார நாடகம் அவர் பெயரை ஊரெங்கும் கொண்டு சென்றது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தத் தேவைதான் நாடகக்காரர்களின் குரலை உச்சிக்கு ஏற்றியது. பலருக்கு அது கத்தலாக முடிந்தது. கிட்டப்பாவுக்கோ சங்கீதமாகவே நின்றது. தியாகராஜரின் எவரனி கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டைக் கேட்டவர்கள் இதனை ஒப்புக்கொள்வார்கள்.

இணையும் பிரிவும்

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் இலங்கையில் நாடகம் நடத்திப் புகழ் பெற்றிருந்த காலத்தில், கிட்டப்பாவும் கொழும்புக்குச் சென்றார். இருவரும் அங்கே ஒரே மேடையில் நடித்தனர். பெருங்குரல் படைத்த இருவரும் போட்டி போட்டுப் பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதிற்று. அந்தப் போட்டி அன்பாகக் கனிந்தது. கிட்டப்பா முன்பே கிட்டம்மாளை மணந்தவர். எனினும் 1927-ல் சுந்தராம்பாளையும் மணந்தார். தமிழ்நாட்டு நாடக மேடையில் இந்த இணைக்கு ஈடு அன்று வேறில்லை எனலாம். தேசிய இயக்கத்தில் ஈடுபாடு கொண்டு கதர் உடுத்தினார். அந்நாளைய நாடகக்காரர்கள் பலர் மேடையை விடுதலைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினர். இவ்விருவரும் அவர்களுள் அடங்குவர்.

இல்வாழ்க்கையில் மனத்தாங்கல்கள் வந்தன, பிரிவும் வந்தது. உடல்நலமும் கெட்டது. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. நம் கல்லூரியில் முதுகலை முடித்து வெளியேறும் ஒருவரைவிட நான்கைந்து ஆண்டுகளே மூத்தவர்! இருபத்தைந்து வயதில் வெண்ணிறச் சேலை உடுத்திய சுந்தராம்பாள், இறுதிவரை அந்தக் கோலத்தை மாற்றவில்லை. அவர் பின்னர் 1935-ல் நந்தனாராகவும் 1953-ல் ஔவையாராகவும் திரையில் தோன்றி, 1980-ல் மறைந்தார்.

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது 1931-ல். அதற்குப் பிறகு ஈராண்டுகளே கிட்டப்பா இருந்தார். அவர் நடித்த திரைப்படம் ஒன்றுகூட இல்லை. நமக்கு எஞ்சியவை சில நிழற்படங்களும், பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளுமே.

வெற்றுக் கட்டம்

அந்த இசைத்தட்டுகளிலிருந்து பிறர் கணினிக்கு மாற்றிய பாட்டுகளைக் கடந்த ஈராண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். பாட்டுக் கோப்பு ஒவ்வொன்றிலும் பாட்டின் பெயர், பாடியவர், ஆண்டு, தொகுப்பின் பெயர் ஆகியவற்றோடு முகப்புப் படம் ஒன்றையும் பொதிந்து வைக்க இடமுண்டு. திரைப்பாட்டுகளுக்கெல்லாம் வண்ணப் படங்கள் வரிசையாக நிற்கும். கிட்டப்பாவின் பாட்டு வந்ததும் அங்கே சாம்பல் நிறக் கட்டம் ஒன்றே தோன்றும். இத்தகைய படங்களைத் தேடித் தருவதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. 2012-ல் தொடங்கிய கவர் ஆர்ட் ஆர்க்கைவ் என்னும் பொதுச் சேமிப்பும் உள்ளது. தேடினேன். கணினி எனக்குத் தந்ததோ விந்தையான விடைகள். இருபது வயதை எட்டாத சுந்தராம்பாள் பாடிய பாட்டுக்கு, திருநீறு பூசிக் கோலூன்றிய ஔவையாரின் படம்! கிட்டப்பாவுக்கோ, பெயரில் மட்டும் ஒற்றுமையுடைய வேறொருவரின் முகம்!

ஏன் இப்படி என்று ஆராய்ந்தால், காரணம் அவ்விசைத்தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்த அரக்குத் தட்டு, நடுவில் வட்டத் துளையிட்ட தாள் உறையில் விற்கப்பட்டது. உறையில் அச்சாகியிருந்தது கம்பெனியின் விளம்பரமோ கடையின் விளம்பரமோதான். எந்தத் தட்டையும் எந்த உறையிலும் இடலாம். துளையின் வழியே தெரியும் வட்டச் சீட்டு ஒன்றே பாடகருக்கு உரியது. பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் தட்டின் எண்ணும் அதில்தான் இருக்கும். பல தட்டுகளைப் புத்தகம் போலச் சேர்த்துக் கட்டியதால்தான் ஆல்பம் என்ற பெயரே வந்தது. அதன் அட்டையில் ஓவியம் தீட்டி விற்கலாம் என்று அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் செய்து காட்டியது 1930-களின் இறுதியில். அதற்குள் கிட்டப்பா மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அவருடைய முகப்புப் படம் தொலைந்து போகவில்லை. அப்படி ஒன்று பிறக்கவே இல்லை.

முகப்பு இல்லாத அக்காலத்தில் தட்டைப் பாடியவரோடு எப்படி இணைத்தார்கள்? 1902-ல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். ஒலிப்பதிவு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாக அச்சாக வேண்டும். அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும் அல்லவா? அன்று முகப்புப் படத்தின் வேலையைக் குரலே செய்தது.

எதை வைப்பது?

கட்டம் காலியாக இருக்கிறதே என்று அழகான படம் ஒன்றைத் தேடி ஒட்டிவிடுவது எளிது. ஆனால் கோப்பு கைமாறிக் கைமாறி ஆயிரம் பேரிடம் போகும். பத்தாண்டுகளில் அந்தப் பொய் முகமே கிட்டப்பாவின் முகமாகிவிடும். திரைப்படத்தில் நடித்தவர்களுக்கு இந்த ஆபத்துக் குறைவு; படமே சாட்சி சொல்லும். கிட்டப்பாவுக்குச் சாட்சி சொல்ல வேறு எவரும் இல்லை. எனவே நான் எனக்கென்று ஒரு வழியை வகுத்துக்கொண்டேன். தட்டின் வட்டச் சீட்டுப் படம் கிடைத்தால் அதையே வைக்கிறேன். பிற்காலத்தில் வந்த தொகுப்பிலிருந்து எடுத்த பாட்டானால், அத்தொகுப்பின் அட்டையை அதன் ஆண்டோடு வைக்கிறேன். இரண்டும் இல்லையேல், கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன். வெற்றிடம் எவரையும் ஏமாற்றுவதில்லை.

நண்பர்களே! சிறுமலை அடிவாரத்திலிருந்து பழனி வரையுள்ள நம் ஊர்களின் பழைய வீடுகளில், பரண் மேல் இத்தகைய தட்டுகள் இன்னும் கிடக்கக் கூடும். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும், சீட்டு செல்லரிக்கும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தட்டு கிடைத்தால் ஊசி வைத்துப் பாட முயல வேண்டா; மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, பகல் வெளிச்சத்தில், கைப்பேசியை நேர் மேலே பிடித்து, இரு பக்கச் சீட்டுகளையும் படமெடுங்கள். சீட்டுக்கும் பள்ளக் கோடுகளுக்கும் இடையே பொறித்துள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடியவர் கிட்டப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் மறந்துபோன நடிகர் ஒருவருக்கு அந்தச் சீட்டே கடைசி அடையாளமாக இருக்கக் கூடும். படங்களை நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தொகுப்பாகச் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள்.

இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தவர் நமக்கு விட்டுச்சென்றது குரல். அதன்மேல் அச்சிட்டு ஒட்டிய பெயர் ஒரு கையகல வட்டத் தாளில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைப்பது, வரலாறு படிக்கும் நம்மால் இயலும் பணிதான்.

— மூன்றாமாண்டு மாணவன், வரலாற்றுத் துறை