தொழிற்செல்வர் கஸ்தூர்பாய் லால்பாய்

அகமதாபாத்தின் சமண வணிகக் குடும்பமொன்றில் 1894-ஆம் ஆண்டு தோன்றியவர் கஸ்தூர்பாய் லால்பாய். 1912-இல் தந்தையார் மறையவே, கல்லூரிப் படிப்பைத் துறந்து, பதினேழாம் வயதில் துணியாலைப் பொறுப்பை ஏற்றார்.

விடுதலை பெற்ற இந்தியா, துணிக்கு வேண்டிய சாயப்பொருள்களைப் பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்தே வரவழைத்து வந்தது. இக்குறை நீங்க, அமெரிக்கச் சயனமிட் நிறுவனத்தின் கூட்டுறவைப் பெற்று அவர் எழுப்பிய அதுல் தொழிற்சாலையை 1952-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1954-இல் இந்தியத் தொழிலதிபர் குழுவிற்குத் தலைமை தாங்கிச் சோவியத் நாடும் சென்றார். அவ்விரு வல்லரசுகளும் பகைத்து நின்ற காலம் அது.

ராணக்பூர் ஆலயத் திருப்பணியையும் நிறைவேற்றிய அப்பெருமகனார் 1980-இல் மறைந்தார். அரசு வளர்க்கும் நட்பு, வணிகரின் முதலும் நாணயமும் துணை நின்றாலன்றி ஆலையாக உருப்பெறாது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.