டொக்டர் மேரி இரட்ணம்: பதவி இல்லாத ஊழியம்

திருச்சபை ஊழியம் என்றதும் பிரசங்க பீடத்தில் நிற்பவரையே நாம் முதலில் நினைக்கிறோம். உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஓய்வுநாட் பாடசாலையிலேயே படித்தவர்கள் நாம். ஆயினும் கணக்கெழுதுகிறவரையும், நோயாளியைப் பார்க்கப் போகிறவரையும், கூட்டம் முடிந்தபின் கோப்பை கழுவுகிறவரையும் எளிதில் மறந்துவிடுகிறோம். எமது சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவியர் யாவரும் நினைக்கத்தக்கவர் டொக்டர் மேரி இரட்ணம்.

மேரி ஹெலன் ஏர்வின் 1873இல் கனடாவின் எலோரா என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அரிதாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் கற்று வைத்தியரானார். 1896இல் அமெரிக்க மிஷனின் வைத்திய ஊழியராக யாழ்ப்பாணத்தில் பணிபுரிய இலங்கை வந்தார். ஆனால் இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. இரட்ணம் அவர்களை அவர் மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. எந்த ஊழியத்துக்காகக் கடல் கடந்தாரோ, அந்த ஊழியத்தில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று.

அவர் தாய்நாடு திரும்பவில்லை. கொழும்பு லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சில காலம் பணியாற்றியபின், தனியாக வைத்தியம் செய்தார். நோய் வந்தபின் மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்று கண்டு, பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1904இல் இலங்கை மாதர் சங்கமும் 1909இல் தமிழ் மாதர் சங்கமும் உருவாக உழைத்தார்.

1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் முன்னின்றார். அச்சங்கம் டொனமூர் ஆணைக்குழுவிடம் பெண்களுக்கு வாக்குக் கேட்டது. 1931இல் நம் நாட்டுப் பெண்கள் வாக்களித்தார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944இலேயே கிடைத்தது. 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்கு அவர் தெரிவானார். அச்சபையின் முதற் பெண் உறுப்பினர் அவரே.

1930இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமிதி, கனடாவின் கிராமப் பெண்கள் சங்கங்களைப் பார்த்து அமைத்தது. சுகாதாரம், சமையல், தையல், கைத்தொழில் என்று கிராமப் பெண்கள் கூடிக் கற்றார்கள். அங்கே வைத்தியர் ஒருவரால் மட்டும் எதுவும் நடவாது. கூட்டத்துக்குத் தன் வீட்டு விறாந்தையைக் கொடுப்பவளும், அயலவளைக் கையைப் பிடித்து அழைத்து வருபவளும், சந்தாப் பணத்தைக் குறித்து வைப்பவளும் வேண்டும்.

சமிதியில் பௌத்தரும் இந்துக்களும் இருந்தார்கள். மதம் மாற்றுவது அதன் நோக்கமன்று. இதையும் கிறிஸ்தவ ஊழியம் என்னலாமா என்று கேட்போர் உண்டு. நோயாளியை விசாரித்ததும் பசித்தவருக்கு உணவளித்ததும் தமக்கே செய்ததாக ஆண்டவர் கணக்கில் வைப்பார் என்று நம்புகிற நாம், ஆம் என்றே சொல்வோம்.

1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது வயது 85. 1962இல் காலமானார். மிஷன் கொடுக்காத இடத்தை எண்ணி அவர் கைகட்டி இருந்திருந்தால், நம் தாய்மாரும் பாட்டிமாரும் இழந்தவை பல.

எமது சங்கத்திலும் மேடையேறுவோர் சிலரே. உறுப்பினர் பட்டியலைத் திருத்துவோரும், தனித்து வாழும் முதிய ஆசிரியைகளை மாதந்தோறும் போய்ப் பார்ப்போரும், தூர தேசத்திலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அனுப்புவோரும் பலர். அவர்கள் பெயர் இம்மலரில் இல்லாமலிருக்கலாம். இந்த நூறாண்டு அவர்களாலேயே நிறைந்தது.