கொல்லிமலை டாக்டர் பால் பிராண்ட்

நம் புதுக்கோட்டைப் பக்கம் காலில் முள் குத்தாமல் வளர்ந்த பிள்ளை யாராவது உண்டா? சீமைக்கருவேல முள் ஏறினால் என்ன செய்வீர்கள்? அலறுவீர்கள். நொண்டி நொண்டி வீட்டுக்கு வருவீர்கள். பாட்டி ஊசியை எடுத்து முள்ளைக் களைவார். இரண்டு நாள் அந்தக் காலை அழுத்தி ஊன்றாமல் நடப்பீர்கள். அதற்குள் புண் ஆறிவிடும்.

சரி, முள் குத்தியும் வலிக்கவே இல்லை என்றால்? நல்லதுதானே என்று நினைக்கிறீர்களா? இந்த டாக்டரின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பால் பிராண்ட் என்பது ஆங்கிலப் பெயர். ஆனால் அவர் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி. திருச்சிக்கு அப்பால் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறதே, அந்த மலைதான். தந்தை ஜெஸ்ஸி, தாய் எவ்லின் இருவரும் கிறிஸ்தவ ஊழியம் செய்ய இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். மலையில் டாக்டர் கிடையாது. ஆகவே தெரிந்த வைத்தியத்தை இவர்களே செய்தார்கள். ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வந்தனர். பிள்ளைகளை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்களின் கால் புண்களுக்குக் கட்டுப் போட்டார். சிறுவன் பால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒன்பது வயதில் படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி முதலில் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பு அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அந்தப் பையனின் மனம் எப்படி இருந்திருக்கும்!

பள்ளி முடிந்ததும் அவர் கற்றது தச்சு வேலையும் கொத்து வேலையும். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து கை தேர்ந்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து அழுத்தும்படி கேட்டார். அந்தப் பிடி டாக்டருக்கே வலிக்கும் அளவு பலமாக இருந்தது! கை செத்துவிடவில்லை, சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. அதுவரை எந்த எலும்பு மருத்துவரும் இந்த நோயாளிகளின் கைகால்களைச் சீர்செய்ய முனையவில்லை. அந்தக் காலத்தில் மருத்துவமனைகளே இவர்களைச் சேர்க்கத் தயங்கின.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்கவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் ரத்தத் துளிகள். அவன் விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது, அவனுக்கோ எதுவும் தெரியவில்லை! சிலருடைய விரல்கள் இரவில் காணாமல் போயின. கண்விழித்துப் பார்த்தால், எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. உடனே பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார். குற்றவாளி நோய்க்கிருமி மட்டுமல்ல, கிருமி நரம்பைக் கெடுத்ததால் வலி தெரியாமல் போனதும்தான்.

பாதத்தின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. ஓர் எலும்பு முறிந்தால் அந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. பின் மெதுவான இணைப்புத் திசு வளர்கிறது. அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. இதற்குப் பல வாரங்கள் ஆகும், அதுவரை அசையக் கூடாது. நமக்கு வலிப்பதால் நாம் ஊன்ற மாட்டோம். வலி தெரியாதவர் நடந்துகொண்டே இருப்பார். ஒட்டத் தொடங்கிய எலும்பு மறுபடி உடையும், நாளடைவில் பாதமே நொறுங்கிப்போகும். இன்று உலோகத் தகடும் திருகாணியும் வைத்து எலும்பை இணைக்கிறார்கள். அவையும் எலும்பு ஒட்டும்வரை தாங்கிப் பிடிப்பவைதான். முன்கூட்டியே பாரம் ஏற்றினால் தளர்ந்துவிடும், உடைந்தும் போகும்.

பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் என்ன செய்தார்கள்? பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள்! கைமுறிவுக்குப் போடுவார்களே, அதேதான். பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவியதும், வருடக்கணக்காக ஆறாத புண்கள் சில வாரங்களில் ஆறின. முன்பாதம் தொங்கி, தூக்க முடியாமல் நடந்தவர்களுக்கு, கணுக்காலின் உட்பக்கத்துத் தசைநாணை எடுத்து முன்பக்கம் மாற்றித் தைத்தார்கள். பாதம் மறுபடி நிமிர்ந்தது. மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பரில் செருப்பும் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் சொல்கிறார்களே, அதுதான். அதில் ஆணியே அடிப்பதில்லை. ஏன் என்று நீங்களே யோசியுங்கள். தச்சு வேலை கற்ற கை வீண்போகவில்லை!

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே மரத்துப்போகும் தொல்லை உண்டு. வேலூரில் கற்றது அவர்களுக்கும் உதவியது. உங்கள் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், இன்று இரவு அவர் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பாருங்கள். அவருக்கே தெரியாமல் ஒரு முள் இருக்கலாம். தொழுநோய்க்கு இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே மருந்து கிடைக்கிறது. நோய் முழுதும் குணமாகும். ஆனால் ஏற்கெனவே உணர்ச்சி போன பாதத்தை மட்டும் கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் பிராண்ட் 2003இல் தமது 88ஆவது வயதில் காலமானார். ஒரு சம்பவத்தைச் சொல்ல விட்டுவிட்டேனே! ஒருமுறை நெடும்பயணம் முடிந்து ரயிலில் லண்டன் வந்து இறங்கினார். இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தொழுநோய் தனக்கும் தொற்றிவிட்டது என்றே நினைத்தார். மனைவி, குழந்தைகளை விட்டு விலகி இருக்க வேண்டுமே என்று இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் நடுங்கும் கையால் அதே இடத்தில் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது! நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் ஒரு நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னார் அந்த டாக்டர்.