யாருக்கும் தெரியாமல் கிடந்த ‘கேசேர்’... பைபிள் நகரத்தை 25 வயதில் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர்!

பைபிளில் வரும் ஊர்களில் ஜெருசலேம், பெத்லகேம் மாதிரி சில ஊர்கள் தொலையவே இல்லை. ஆனால் கேசேர் தொலைந்துபோனது. அது சாதாரண ஊரும் இல்லை. எகிப்தின் பார்வோன் படையெடுத்துப் பிடித்து, தீ வைத்து, பிறகு சாலொமோன் ராஜாவை மணந்த தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த நகரம். அதை சாலொமோன் திரும்பக் கட்டினார் என்கிறது இராஜாக்கள் புத்தகம். இவ்வளவு பெரிய ஊர் எங்கே இருந்தது என்பது 1871 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் கிளெர்மோன்-கானோ. அப்போது அவருக்கு வயது 25.

யார் இவர்?

1846-ல் பாரிஸில் பிறந்தவர். கீழைத்தேய மொழிகளைப் படித்துவிட்டு, 1867-ல் ஜெருசலேமில் உள்ள பிரெஞ்சு தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். வேலை தூதரகத்தில்தான். மனசு மட்டும் கல்வெட்டுகளில்.

23 வயதிலேயே அவர் பெயர் வெளியே தெரிந்துவிட்டது. மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு இப்போதைய ஜோர்டானில் கிடைத்தபோது, ஆளனுப்பி அதை ஈரக் காகிதத்தில் அச்செடுக்க வைத்தார். பிறகு அந்தக் கல்லை பெதூயின்கள் உடைத்துவிட்டார்கள். கிழிந்துபோன அந்தக் காகித அச்சு இல்லையென்றால், இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லை முழுசாக ஒட்டியிருக்க முடியாது.

ஒரு சண்டைச் சத்தம் சொன்ன முகவரி

அந்தக் காலத்தில் பைபிள் ஊர்களைத் தேட ஒரு வழி இருந்தது. எபிரேயப் பெயர்கள் உள்ளூர் அரபு மக்களின் பேச்சில் கொஞ்சம் உருமாறி உயிரோடு இருக்கும். அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1838-ல் இப்படி ஊர் ஊராகப் பெயர் விசாரித்தே ஏராளமான இடங்களை அடையாளம் காட்டினார். ஆனால் கேசேர் அவருக்கும் சிக்கவில்லை.

கிளெர்மோன்-கானோ வேறு பக்கம் தேடினார். முஜீர் அல்-தீன் என்ற ஜெருசலேம் நீதிபதி 15-ம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய அரபு வரலாற்று நூலை அவர் படித்துக்கொண்டிருந்தார். அதில் ரம்லா பகுதியில் நடந்த ஒரு சின்னச் சண்டை வருகிறது. பைபிளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையின் கூச்சலைச் சொல்லும் இடத்தில் குல்தா என்ற கிராமத்தோடு சேர்ந்து தெல் அல்-ஜசர் என்ற பெயரும் வருகிறது. ‘தெல்’ என்றால் மண்மேடு. ஜசர் என்பது கேசேரின் அரபு வடிவமாக இருக்கலாம். குல்தா எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் ஜசரும் கூச்சல் கேட்கும் தூரத்தில்தான் இருக்க வேண்டும், இல்லையா?

இன்னொரு கணக்கும் ஒத்துவந்தது. 4-ம் நூற்றாண்டில் யூசேபியஸ் என்ற பிஷப், எம்மாவுஸிலிருந்து 4 ரோமன் மைல், அதாவது சுமார் 6 கி.மீ. தூரத்தில் கேசேர் இருப்பதாகக் குறித்திருந்தார். 1871-ல் கிளெர்மோன்-கானோ நேரில் போனார். அபு ஷுஷே என்ற கிராமத்தின் பக்கத்தில் ஒரு பெரிய மேடு. அதை ஊர்க்காரர்கள் ஜசர் என்றுதான் சொன்னார்கள்!

ஆனால் நம்பவில்லை...

அறிஞர்கள் பலர் தயங்கினார்கள். நியாயமும் இருக்கிறது. பெயர் ஒத்துப்போவது வலுவான துப்புதான், ஆதாரம் ஆகாது. ஊர்ப்பெயர் இடம் மாறும். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். 2,000 வருஷத்துக்கு முந்தைய ஊரை, 400 வருஷத்துக்கு முந்தைய ஒரு சண்டைக் குறிப்பை வைத்து எப்படி முடிவு செய்வது?

பதில் 1874-ல் கிடைத்தது. பிரிட்டனின் பாலஸ்தீன ஆய்வு நிதியத்துக்காகத் திரும்பிவந்த அவர், மேட்டுக்குக் கிழக்கே தரையோடு இருந்த பாறையில் பெரிய எழுத்துகளைப் பார்த்தார். எபிரேய எழுத்தில் கேசேரின் எல்லை என்ற பொருளில் இரண்டு சொற்கள், கிரேக்கத்தில் அல்கியோஸ் என்ற ஒருவரின் பெயர். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்றும் இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அது தூக்கிக்கொண்டு போகக்கூடிய கல் இல்லை. வேரோடு இருக்கும் பாறை. வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள் என்று சொல்லவே முடியாது. பைபிள் நகரம் ஒன்று தன் பெயரைத் தானே எழுதிவைத்திருந்தது அரிதிலும் அரிது. இதுவரை இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட எல்லைக் குறிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அல்கியோஸ் யார் என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. நிலத்தின் உரிமையாளர் என்பது ஒரு கருத்து.

போலிகளின் எதிரி

ஆதாரம் கேட்கும் இந்தப் பழக்கத்தை அவர் மற்றவர்கள் மீதும் காட்டினார். மோவாபியக் கலைப்பொருள்கள் என்று சொல்லி பிரஷ்ய அரசிடம் விற்கப்பட்ட மண்பாண்டங்கள் போலி என்று வெளிச்சம் போட்டுக் காட்டினார். 1883-ல், அதே பாண்டங்களை விற்ற ஜெருசலேம் வியாபாரி ஷபீரா பழங்கால உபாகமப் பிரதி என்று சில தோல் துண்டுகளோடு லண்டன் வந்தபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டே போலி என்று அறிவித்தார். அடுத்த வருஷம் ஷபீரா ராட்டர்டாமில் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் தோல்கள் இன்று இல்லை. அவை நிஜமாகவே பழையவையாக இருக்கலாம் என்று இப்போது சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதனால் இந்த விஷயத்தில் கிளெர்மோன்-கானோ கொஞ்சம் அவசரப்பட்டாரோ என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

கேசேர் விஷயத்தில் அப்படி எந்தக் கேள்வியும் இல்லை. 1902-ல் மேட்டைத் தோண்டத் தொடங்கிய மெக்காலிஸ்டர், 1908-ல் விவசாய மாதங்களை வரிசையாகச் சொல்லும் ஒரு சின்னச் சுண்ணாம்புக் கல்லைக் கண்டெடுத்தார். மிகப் பழைய எபிரேய எழுத்துகளில் ஒன்றாகக் கருதப்படும் ‘கேசேர் நாட்காட்டி’ அதுதான். இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது.

கிளெர்மோன்-கானோ 1923-ல் இறந்தார். இன்று அந்த மேடு இஸ்ரேலின் ‘தெல் கேசேர்’ தேசியப் பூங்கா. எல்லை எழுத்துகளில் சில இன்னமும் அதே பாறைகளில் இருக்கின்றன. ஜசர் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த அபு ஷுஷே கிராமம் 1948 போரில் காலியானது.