அருளானந்தரின் விசுவாசம்

செங்கற்பட்டிலும் மாமல்லபுரத்துக் கடற்கரையிலும் வசிக்கும் நம் நேயர்களுக்குக் கிறிஸ்து மார்க்கம் புதிதன்று. பரங்கிமலையில் தோமையரைப் பற்றிய ஐதிகமும், கோவளத்துக் கரையில் மாதா கோவிலும் நெடுநாளாக உள்ளன. ஆயினும் அம்மதம் பீரங்கியின் துணைகொண்டே இத்தேசத்தில் காலூன்றிற்று என்று தேசபக்தர்களிற் பலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணத்துக்குச் சரித்திர ஆதாரம் இல்லாமலில்லை. கோவாவில் 1560-ம் வருஷம் ஏற்பட்ட மத விசாரணை மன்றத்தை யார் மறக்கக்கூடும்? ஆனால் அதே கோவாவில் கப்பலிலிருந்து இறங்கி, பீரங்கிக்கு எட்டாத மறவர் சீமைக்கு வெறுங்கையோடு வந்து மடிந்த ஒருவரின் சரித்திரத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஜான் டி பிரிட்டோ என்னும் இயற்பெயருடைய அருளானந்த ஸ்வாமிகள் 1647-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி லிஸ்பன் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். இளவயதில் அரண்மனையில் ராஜகுமாரன் பேத்ரோவின் பணிவிடைச் சிறுவராக வளர்ந்தார். அப்படிப்பட்டவருக்கு உத்தியோகமும் செல்வமும் தாமே வந்து சேரும். அவரோ 1662-ல் இயேசு சபையிற் சேர்ந்து, 1673-ல் கோவாவுக்குக் கப்பலேறினார். மறு வருஷமே மதுரை மிஷனுக்கு வந்துவிட்டார்.

மதுரையில் தத்துவ போதகர் என்ற ராபர்ட் டி நோபிலி 1606-ல் தொடங்கிய வழக்கத்தை அனுசரித்து, இவரும் காவியுடுத்தி, புலாலும் மதுவும் நீக்கி, பண்டாரஸ்வாமியாகக் கால்நடையாய்ச் சஞ்சரித்தார். உயர்ந்த சாதியார்க்கு ஒருவிதக் குருவும், தாழ்த்தப்பட்டோர்க்கு வேறுவிதக் குருவுமாக அந்த மிஷன் வகுத்துக்கொண்டதை நாம் சிலாகிக்க இயலாது. எனினும், இவர் ஏற்றது ஏழைகளிடம் செல்லும் குருவின் வேஷத்தையே என்பதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமன்று.

1686-ல் மறவர் சீமையில் தம் உபதேசியார்களோடு பிடிபட்டார். அடித்தார்கள், நீரில் அமிழ்த்தினார்கள், சிவ நாமத்தைச் சொன்னால் விடுதலை என்றார்கள். சிவ நாமம் நமக்கு அமிர்தம். ஆயினும் உதையினால் பிறர் வாயிலிருந்து வரவழைக்கப்படும் நாமத்தால் சிவனுக்கு என்ன பெருமை என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. முடிவில் கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, தம் நாட்டில் போதனை செய்யலாகாதென்று கட்டளையிட்டார்.

பிறகு மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பால்ய நண்பர் பேத்ரோ அப்போது போர்ச்சுகல் மன்னர். தம் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே தங்கிவிடும்படி மன்னர் வேண்டினார். நாம் இச்சரித்திரத்தில் மிகவும் முக்கியமெனக் கருதுவது இந்தக் கட்டத்தையே. தடியடியைப் பொறுப்பதற்கு அந்தச் சமயத்து ஆவேசம் போதும். நம் சிறைவாசிகளிற் பலர் அதை அறிவர். தடியடியெல்லாம் முடிந்து, உடல் தேறி, சொந்த ஊரில் மெத்தை விரித்திருக்கும்போது, மீண்டும் அதே தடியை நோக்கி ஆறு மாதக் கடற்பிரயாணம் புறப்படுவதற்கு ஆவேசம் உதவாது. 1690-ம் வருஷ முடிவில் அருளானந்தர் திரும்பவும் கோவாவில் வந்திறங்கினார். சேதுபதியின் தடையை அறிந்தே மறவர் சீமையில் மறுபடியும் நுழைந்தார்.

அங்கே ராஜ வம்சத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கடும் நோயுற்றுக் கிடந்தார். உபதேசியாரின் ஜெபத்தால் குணமடைந்ததாக நம்பி ஞானஸ்நானம் கேட்டார். மனைவியருள் ஒருத்தியை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டுமென்பது அருளானந்தரின் நிபந்தனை. தேவர் இசைந்து, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். நீக்கப்பட்டவர்களில் கடலை என்னும் பெண் சேதுபதிக்கு உறவினள். அவள் அரண்மனைக்குச் சென்று முறையிட்டாள்.

ஒருதாரத்தைச் சென்னை மாகாணத்து ஹிந்துக்களுக்கு 1949-லும், தேசத்து ஹிந்துக்கள் அனைவருக்கும் 1955-லும் சட்டமே விதித்தது. ஆகவே ஸ்வாமிகளின் கொள்கையை நாம் குறைகூற முடியாது. ஆனால் அச்சட்டங்கள், ஏற்கெனவே மணந்து வந்தவளை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. கடலையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஒருவன் தன் விசுவாசத்துக்காகத் தன் தலையைக் கொடுக்கலாம். பிறருடைய வாழ்வையும் அதே தட்டில் வைக்க அவனுக்கு அதிகாரம் உண்டா? பாதிரிமார் எழுதிய சரித்திரங்களில் அந்தப் பெண் வில்லியாகவே வருகிறாள். அவளுடைய வழக்கையும் கேட்கவேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

சேதுபதியின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. தடியத்தேவருக்கு ராமநாதபுரத்து ஆசனத்தில் பாத்தியம் உண்டு. அவரைச் சுற்றிப் புதிய கூட்டமொன்று திரள்வதை எந்த அரசர் சகிப்பார்? மதக் குற்றமென்று பெயரிடப்பட்ட வழக்கினுள் ராஜாங்க பயம் ஒளிந்திருந்தது. நாட்டைவிட்டு வெளியேற்றும் பாவனையில் அருளானந்தரை ஓரியூருக்கு, தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பினார் சேதுபதி. கொன்றுவிடும்படி ரகசிய உத்தரவும் கூடவே சென்றது.

சிறையில் மையில்லை. கரியை நீரிற் குழைத்து, துரும்பினால் தம் சகோதரப் பாதிரிகளுக்குக் கடிதம் எழுதினார். அதில் வஞ்சம் தீர்க்கச் சொல்லவுமில்லை. கோவாவிலிருந்து படை அனுப்பக் கேட்கவுமில்லை. 1693-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ந் தேதி, பாம்பாற்றின் அருகில் அவர் தலை வெட்டப்பட்டது. கைகளையும் கால்களையும் துண்டித்து, உடலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ரோமாபுரி அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தது 1947-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி. நம் தேசம் விடுதலையடைய அப்போது இன்னும் எட்டு வாரங்கள்கூட இல்லை. ஓரியூரில் அவர் இரத்தம் சிந்திய இடத்து மணல் சிவந்திருப்பதாக ஜனங்கள் சொல்லுகிறார்கள். கிறிஸ்தவர்களோடு மறவர் குலத்து ஹிந்துக்களும் சென்று அம்மண்ணை எடுத்து வந்து நெற்றியில் இட்டுக்கொள்ளுகிறார்கள்.