15 வருஷம் தூதரகத்துக்குள்ளேயே... யார் இந்த கார்டினல் மிண்ட்சென்டி?

1956 நவம்பர் 4. ஹங்கேரி மக்களின் புரட்சியை நசுக்க, புடாபெஸ்ட் நகருக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. 64 வயது கத்தோலிக்கப் பேராயர் ஒருவர் அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டுப் போனார். உள்ளே போனவர் வெளியே வந்தது 1971-ல்தான்!

யார் இவர்?

யோசெஃப் மிண்ட்சென்டி 1892-ல் பிறந்தவர். 1919-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலும், 1944-ல் நாஜி ஆதரவு ஆட்சியிலும் சிறைக்குப் போனவர். 1946-ல் கார்டினல் ஆனார். மன்னராட்சி ஆதரவாளர், துளியும் வளைந்துகொடுக்காதவர். 1948 டிசம்பரில் மறுபடி கைது. சித்திரவதைக்குப் பிறகு நடந்த வழக்கில் ஆயுள் தண்டனை. 1956 புரட்சிதான் அவரை விடுவித்தது. அந்தச் சுதந்திரம் சில நாள்தான் நீடித்தது.

போலீஸ் ஏன் உள்ளே வரவில்லை?

தூதரகம் இருக்கும் இடம் வெளிநாட்டு மண் என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. மண் உள்நாட்டுடையதுதான். ஆனா, தூதரகத் தலைவரின் அனுமதி இல்லாமல் உள்ளூர் போலீஸ் உள்ளே கால் வைக்கக் கூடாது. பழைய வழக்கமான இது, 1961 வியன்னா ஒப்பந்தத்தில் எழுத்து வடிவம் பெற்றது. வாசலைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. லண்டனில் ஈக்வடார் தூதரகத்தில் ஜூலியன் அசாஞ்சே 7 ஆண்டுகள் முடங்கியதும் இதனால்தான்.

தூதர் இல்லாத தூதரகம்

புரட்சிக்குப் பிறகு ஹங்கேரியை மேற்குலகம் ஒதுக்கி வைத்தது. அதன் பிரதிநிதிகளின் நியமனத்தை ஐ.நா. சபை பல ஆண்டுகள் ஏற்கவில்லை. அமெரிக்கா தூதரகத்தை மூடவும் இல்லை, முழு அந்தஸ்துள்ள தூதரை அமர்த்தவும் இல்லை. பத்து ஆண்டுகள் பொறுப்பு அதிகாரிகளே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அங்கேதான் மிண்ட்சென்டி தங்கினார், திருப்பலி நிறைவேற்றினார். நடைப்பயிற்சிக்கு உள்முற்றம் மட்டும்தான்.

விருந்தாளி சுமையானது எப்படி?

1960-களில் ரெண்டு நாடுகளும் நெருங்கத் தொடங்கின. 1967-ல் புதிய அமெரிக்கத் தூதர் வந்தார். அந்த அரசை அங்கீகரிப்பதா என்று கொதித்த மிண்ட்சென்டி, வெளியேறிவிடுவேன் என மிரட்டினார். உறவு கெட்டிருந்தவரை அவர் அமெரிக்காவுக்குப் பெருமை. உறவு சரியாகச் சரியாக, அவரே பேச்சுவார்த்தைக்குத் தடையாகிப்போனார்.

கடைசியில் ஹங்கேரி, வாடிகன், அமெரிக்கா மூன்றும் ஒரு முடிவுக்கு வந்தன. விருப்பமே இல்லாமல் 1971 செப்டம்பர் 28-ல் நாட்டை விட்டுக் கிளம்பினார். 1974-ல் பேராயர் பதவியும் பறிபோனது. அதைச் செய்தது கம்யூனிஸ்டுகள் அல்ல, போப் ஆறாம் பால்!

1975-ல் வியன்னாவில் இறந்தார், ஆஸ்திரியாவிலேயே அடக்கம். கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின், 1991-ல் அவரது உடல் எஸ்டர்கோம் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஊர் திரும்ப, இறந்தும் 16 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.